மோட்டாரின் மேல் படிந்த தோல்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து இழுத்து வெளியே கிடத்தப்பட்ட அந்தப் பம்ப் மோட்டாரைக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதில் பாதியைக் கழுவிவிட்டார்கள். கழுவப்படாத மீதிப் பாதியில்தான் விடை இருந்தது. ஐந்தரை அங்குல விட்டமுள்ள அந்த எஃகு உருளையின் மேல், காய்ந்த வேப்பம் பிசினைப் போன்ற பழுப்பு நிறத் தோல் ஒன்று படிந்திருந்தது. நகத்தால் கீறியபோது மேலடுக்கு ரப்பரைப் போல இழுபட்டு வந்தது, அதற்கடியில் எஃகை ஒட்டிச் சுண்ணாம்புக் காரையைப் போன்ற கெட்டியான இன்னோர் அடுக்கு இருந்தது. அதே கிணற்றில் முன்பு இருந்த பம்ப் மூன்று ஆண்டுகள் ஓடியது. இது ஏழு மாதத்தில் நின்றுவிட்டது. பணிமனையின் அறிக்கையில் ‘மோட்டார் சுருள் எரிந்தது’ என்று ஒரே வரியில் காரணம் எழுதப்பட்டு, அதே அளவில், அதே வகையில் புதிய பம்ப் இறக்கப்பட்டது. அது ஆறாவது மாதத்தில் எரிந்தது.

பாலைவனத்தின் நடுவே இருந்த பழைய எண்ணெய் வயல் அது. பாறையின் சொந்த அழுத்தம் போதாத கிணறுகளில் எண்ணெயை மேலே கொண்டுவரும் பம்புகளைத் தேர்ந்தெடுப்பதும், அவற்றைக் கண்காணிப்பதும், பழுதானவற்றைப் பிரித்துப் பார்ப்பதும் அங்கே என் வேலையாக இருந்தன. பாலிமர் செலுத்தப்படும் வயல்களில் ஒரு பம்ப் எத்தனை நாள் ஓடும் என்பதை அதன் வழியே வரும் நீரே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆனால் பழுது மட்டும் பம்பின் பேரில் எழுதப்படுகிறது. இந்தத் தவறான கணக்கு எத்தனை நல்ல கருவிகளை வீணாக்குகிறது என்பதைப் பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால், இதை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் பாலிமர் எதற்காக என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயைத் தள்ளுவதற்காகப் பாறைக்குள் செலுத்தப்படும் நீர், எண்ணெயைவிட மெல்லியதாக இருப்பதால், அதைத் தள்ளிக்கொண்டு போகாமல் இடுக்குகளின் வழியே ஊடுருவி முன்னே ஓடிவிடுகிறது. சில ஆண்டுகளில் கிணற்றில் வருவதில் பெரும்பகுதி நீராகிவிடுகிறது; எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடுகிறது. அந்த நீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமரைக் கரைத்தால், ஒரு கோடியிலிருந்து மூன்று கோடி வரை மூலக்கூறு எடையுள்ள அதன் நீண்ட சங்கிலிகள் நீரைக் கஞ்சித் தண்ணீரைப் போலத் தடிக்கச் செய்கின்றன. தடித்த நீர் ஓடாமல் நின்று தள்ளுகிறது. சீனத்தின் வடகிழக்கே 1959 செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட தாச்சிங் வயலில் 1972-லேயே இதைச் சிறிய அளவில் சோதித்தார்கள். 1996 முதல் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தினார்கள். வெறும் நீரால் கிடைப்பதற்கு மேல், பாறையில் முதலில் இருந்த எண்ணெயில் இன்னும் பத்து விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக அங்கே எடுக்க முடிந்தது. 1976 முதல் 2002 வரை ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் உற்பத்தி செய்த வயல் அது என்பதை நினைத்தால், அந்தப் பத்து விழுக்காட்டின் எடை புரியும். இராசத்தானின் பார்மேர் மாவட்டத்தில் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டு 2009-இல் உற்பத்தியைத் தொடங்கிய மங்களா வயலும் பின்னர் இதே வழிக்கு வந்தது. இந்த முறையின் பயனில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. அதன் விலையை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் என் வருத்தம்.

உள்ளே செலுத்திய பாலிமர் உள்ளேயே தங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி பாறையின் மேல் ஒட்டிக்கொள்கிறது, ஒரு பகுதி சிதைகிறது, மீதி சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ உற்பத்திக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. வந்து சேரும் பாலிமர், செலுத்தப்பட்டபோது இருந்த அதே பொருளாகவும் இருப்பதில்லை. பாறைக்குள் இருக்கும் சூட்டில் அதன் அமைடு தொகுதிகள் மெல்ல நீராற்பகுப்படைந்து கார்பாக்சிலேட்டுகளாக மாறுகின்றன. எதிர்மின்சுமை கொண்ட அந்தத் தொகுதிகள் நீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்கின்றன. இரண்டு கைகளுள்ள அந்த அயனிகள் ஒரு சங்கிலியை இன்னொன்றோடு பிணைக்கின்றன. வெப்பம் ஏற ஏற இப்படிப் பிணைந்த பாலிமர் கரைசலில் நிற்க முடியாமல் பிரிந்து படிகிறது. எனவே, கிணற்றுக்குள் எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ அந்த இடத்தையே அது தேடிப் படியும்.

நீர்மூழ்கி மின்பம்ப் உள்ள கிணற்றில் அந்தச் சூடான இடம் மோட்டார்தான். நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றில் சப்மெர்சிபிள் இறக்கிய எவருக்கும் இந்த அமைப்பு தெரியும்: மோட்டார் கீழே, பம்ப் மேலே, வரும் நீர் மோட்டாரைத் தழுவிக் குளிரவைத்துக்கொண்டே மேலே ஏறிப் பம்புக்குள் நுழையும். எண்ணெய்க் கிணற்றில் உள்ளதும் அதே அமைப்புதான், ஆழமும் சூடும் மட்டும் பல மடங்கு. மோட்டாரின் மேற்பரப்பு சுற்றியுள்ள திரவத்தைவிடப் பல டிகிரி சூடாக இருப்பதால், குளிரவைக்க வரும் நீரே அதன் மேல் பாலிமரைப் படியவிடுகிறது. படிந்த தோல் போர்வையைப் போல வெப்பத்தை உள்ளே அடைக்கிறது. மோட்டார் மேலும் சூடாகிறது. அதனால் மேலும் படிகிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலைத் தடுக்காவிட்டால் அதன் முடிவு சுருள் எரிவதுதான். அந்தப் பணிமனை அறிக்கையின் ஒரு வரி பொய்யில்லை. ஆனால் காய்ச்சலில் இறந்தவருக்கு ‘உடல் சூடாகியதால் இறந்தார்’ என்று எழுதுவதைப் போன்றது அது.

இதை முன்கூட்டியே காண வழி இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. பம்பின் அடியில் உள்ள உணரி, உள்ளிழுக்கும் இடத்தின் அழுத்தத்தையும் மோட்டாரின் வெப்பத்தையும் இடைவிடாமல் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. பம்பின் சுழலும் இறக்கைச் சக்கரங்களான இம்பெல்லர்களுக்குள் அடைப்பு ஏற்பட்டால் பம்ப் இழுப்பது குறையும்; அதனால் உள்ளிழுக்கும் அழுத்தம் ஏறும், கிணற்றின் உற்பத்தி இறங்கும், மின்னோட்டமும் பெரும்பாலும் இறங்கும். எங்கள் கிணற்றில் நடந்தது வேறு: அழுத்தம் அசையவில்லை, மின்னோட்டம் அசையவில்லை, வெப்பம் மட்டும் வாரத்துக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று ஏறிக்கொண்டே போனது. செய்யும் வேலை மாறாதபோது வெப்பம் மட்டும் ஏறினால், வெப்பம் வெளியேறும் பாதை அடைபடுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் அதிகம் இல்லை. நாங்கள் உணரி கெட்டுவிட்டது என்று எழுதிவைத்தோம். இரண்டாவது பம்பும் எரிந்த பிறகு, இரண்டு பம்புகளின் பதிவுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தபோது இரு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்தன. அந்தக் கிணற்றின் நீரில் திரும்பி வந்த பாலிமரின் அளவைக் காட்டும் மூன்றாவது கோட்டையும் அதே தாளில் வரைந்தோம். அந்த அளவீடுகள் ஆய்வகத்தில் பல மாதங்களாக இருந்தன. நிலத்தடியில் எண்ணெய் தங்கிய பாறையை, அதாவது எண்ணெய்ப் படிவத்தைக் கவனிக்கும் குழுவுக்கு மட்டுமே அவை அனுப்பப்பட்டு வந்தன. பம்பைக் கவனிக்கும் எங்களுக்கு அவை வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படிந்ததைக் கரைத்துவிடலாமே என்ற எண்ணம் எல்லாருக்கும் முதலில் தோன்றும். சுண்ணாம்புப் படிவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவது பழைய வழக்கம். பாலிமர் வரும் கிணற்றில் அதை மட்டும் செய்வது நிலைமையைக் கெடுக்கும். அமிலத்தில் பாலிமர்ச் சங்கிலிகள் சுருங்கி, இன்னும் கெட்டியான பசையாகத் திரண்டுவிடும். சோடியம் ஹைப்போகுளோரைட்டைப் போன்ற ஆக்சிஜனேற்றிகள் சங்கிலியை வெட்டிப் பாலிமரைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அவை எஃகை அரிக்கும், கேபிளின் மேலுறையையும் சீல்களில் உள்ள ரப்பரையும் பதம் பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் கிணற்றுக்குள்ளோ குழாய்களிலோ கலந்தால் நச்சுவாயுவான குளோரின் வெளிவரும். ஒரே படிவில் பாலிமரும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக இருக்கும்போது இரண்டு மருந்தும் வேண்டியிருக்கிறது, இரண்டும் சந்திக்கவும் கூடாது. இடையில் போதுமான நீரை விட்டுக் கழுவி, ஒவ்வொரு அடியிலும் அளந்து, பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. அவசரப்படும் மேலாளர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் நான் ஒருபோதும் இறங்கிவந்ததில்லை.

மேலே சொன்னதெல்லாம் சூடான வயல்களின் கதை. மங்களாவின் எண்ணெய்ப் படிவம் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் சூடுள்ளது; தாச்சிங்கின் படிவமோ சுமார் 45 டிகிரிதான், அதன் நீரிலும் உப்பு குறைவு. அங்கே இந்தத் தோல் பெரிய தொல்லையாக இல்லை. அதே பாலிமர் அங்கே வேறொரு நோயைக் கொண்டுவந்தது, எனக்கு அது இன்னும் ஆர்வமூட்டும் நோய்.

தலையாட்டும் பம்பை எல்லாரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். மேலே இயந்திரம் தலையாட்ட, ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எஃகுத் தண்டுகளின் வரிசை கீழே பம்புக்குள் உள்ள உந்துதண்டான பிளஞ்சரை ஏற்றி இறக்குகிறது. ஏறும்போது இயந்திரம் இழுக்கிறது. இறங்கும்போது தள்ளுவதற்கு எவரும் இல்லை, தண்டுகள் தம் எடையால் விழ வேண்டும். திரவம் தடித்திருந்தால் தண்டுகள் தயங்கித் தயங்கி விழுகின்றன, பம்பின் உருளையான பேரலுக்குள் நெருக்கமாகப் பொருந்திய பிளஞ்சரும் எளிதில் இறங்குவதில்லை. மேலிருந்து எடை அழுத்த, கீழிருந்து திரவம் தடுக்க, வரிசையின் கீழ்ப்பகுதித் தண்டுகள் வளைந்து எண்ணெய் மேலே ஏறிவரும் குழாயான டியூபிங்கின் சுவரில் உரசுகின்றன. ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை என்றாலும் ஒரு நாளைக்கு 8640 முறை அதே இடத்தில் உரசல். கிணற்றில் வருவதில் பெரும்பகுதி நீராகிவிட்ட பிறகு, எஃகின் மேல் இருந்த எண்ணெய்ப் பூச்சும் போய்விடுகிறது. உயவில்லாமல் எஃகும் எஃகும் தேய்கின்றன. ஒன்று தண்டு அறுகிறது, இல்லையென்றால் டியூபிங்கில் துளை விழுகிறது.

இதற்குத் திரவத்தின் தடிப்பு மட்டும் காரணமில்லை என்பதைத் தாச்சிங் பொறியாளர்கள் காட்டினார்கள். வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியிலிருந்து நூலாக இழுபடும் வழுவழுப்பை நினைத்துப் பாருங்கள்: அதற்குத் தடிப்போடு மீள்தன்மையும் உண்டு. பாலிமர்க் கரைசலும் அப்படியே. டியூபிங்கின் நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கி நிற்கும் தண்டைச் சுற்றி மீள்தன்மையுள்ள திரவம் ஓடும்போது, தண்டின் இரு பக்கங்களிலும் சமமில்லாத அழுத்தம் உண்டாகி, ஏற்கெனவே ஒதுங்கிய பக்கத்துக்கே அதை மேலும் தள்ளுகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இதில் என்னை நெகிழவைத்த ஒன்று உண்டு. தாச்சிங்கின் மூத்த பொறியாளர் வாங் தெமின், பாலிமரின் மீள்தன்மைதான் பாறைத் துளைகளின் மூலைகளில் ஒட்டியிருக்கும் மிச்ச எண்ணெயையும் இழுத்து வெளியே கொண்டுவருகிறது என்று பல ஆண்டுகளாக வாதிட்டவர். எந்தப் பண்பு கூடுதல் எண்ணெயைத் தருகிறதோ அதே பண்புதான் தண்டைச் சுவரோடு அழுத்தித் தேய்க்கிறது. அவற்றைப் பிரிக்க முடியாது என்பதால், அங்கே பம்பின் பக்கத்தை மாற்றினார்கள்: பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளியைக் கூட்டினார்கள், வால்வுகளின் பாதையை அகலமாக்கினார்கள், வரிசையின் அடியில் கனமான தண்டுகளைச் சேர்த்துக் கீழ்ப்பகுதியை இழுவிசையிலேயே வைத்தார்கள், தண்டுகளில் நடுப்படுத்திகளைப் பொருத்தினார்கள், நீண்ட வீச்சில் மெதுவாக ஓட்டினார்கள். இடைவெளி கூடினால் கசிவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் தடித்த திரவம் மெல்லிய நீரைப் போல அவ்வளவு கசிவதில்லை என்பதால் அந்த இழப்பு தாங்கக்கூடியதாக இருந்தது.

அதே தாச்சிங்கில் பாலிமரோடு காரத்தையும் சோப்பைப் போன்ற பரப்பியக்கப் பொருளையும் சேர்த்துச் செலுத்திய பகுதிகளில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு பாறையின் மணலையும் களிமண்ணையும் கரைத்துக்கொண்டு வந்து, கிணற்றின் அருகே சிலிக்கேட்டாகப் படியவிட்டது. பிளஞ்சர்கள் பேரலுக்குள்ளேயே இறுகிப்போயின. பின்னர் வலுக்குறைந்த காரமான சோடியம் கார்பனேட்டுக்கு மாறியதற்கு இந்தப் பம்ப் தொல்லைகளும் காரணங்களில் ஒன்று. எனக்குத் தெரிந்தவரை, கிணற்றில் பம்ப் படும் பாடு உட்செலுத்தும் மருந்தையே மாற்றவைத்த அரிய இடங்களில் அதுவும் ஒன்று.

திருகு பம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எஃகுத் திருகு ஒன்று ரப்பர்க் குழலுக்குள் மெதுவாகச் சுழலும் இந்தப் பம்ப் தடித்த திரவத்தையும் மணலையும் பொறுத்துக்கொள்ளும். கனடாவின் பெலிக்கன் ஏரி வயலைப் போல எண்ணெயும் தடித்து, பாலிமரும் செலுத்தப்படும் இடங்களுக்கு அது இயல்பாகவே பொருந்தும். சூடும் ரப்பரின் உப்பலும் அதன் எல்லைகள். மங்களாவில் பயன்படுத்திய, அழுத்தத்தோடு பீறிடும் திரவத்தால் எண்ணெயை இழுக்கும் ஜெட் பம்பில் அசையும் பாகமே இல்லை என்பதால் பழுதாகாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதை இயக்கும் திரவமே கிணறுகளிலிருந்து வந்த நீராக இருந்து, அதில் பாலிமரும் இருந்து, மெழுகு உறையாமல் இருக்க அதைச் சூடாக்கியும் அனுப்பினால், பாலிமர் எங்கே படியும் என்பதை மேலே படித்தவர்கள் தாங்களே ஊகிக்கலாம்: முதலில் சூடேற்றியில், பிறகு திரவம் பீறிடும் குறுகிய வாயான நாசிலின் தொண்டையில்.

இந்தப் பழுதுகளை எண்ணும் முறையிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பல வயல்களில், அந்த ஆண்டு வெளியே எடுத்த பம்புகள் சராசரியாக எத்தனை நாள் ஓடின என்று பார்க்கிறார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை அந்தக் கணக்கில் வருவதில்லை. 40 கிணறுகள் உள்ள வயலில் ஆண்டுக்கு 20 பழுதுகள் என்றால், 40 கிணறுகளின் 14,600 ஓட்ட நாட்களை 20 ஆல் வகுத்து 730 நாள் என்று கணக்கிடுவதே சரி. அதுவும் போதாது. பாலிமர் இன்னும் வராத கிணறுகளையும் வந்துவிட்ட கிணறுகளையும் ஒரே கூடையில் போட்டால், முதல் கூட்டத்தின் நல்ல எண்கள் இரண்டாவது கூட்டத்தின் துன்பத்தை மறைத்துவிடும். எங்கள் வயலில் பாலிமரின் அளவை வைத்துக் கிணறுகளைப் பிரித்துக் கணக்கிட்டபோது, ‘சராசரியாகச் சற்றே குறைந்துள்ளது’ என்று எழுதி வந்த அறிக்கையின் பின்னால் இரண்டு வேறு வயல்கள் இருந்ததைக் கண்டோம். ஒன்றில் எதுவும் மாறவில்லை. மற்றதில் பம்புகளின் ஆயுள் பாதிக்கும் கீழே போயிருந்தது.

பம்பை நிறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். மின்தடையால் பம்ப் நின்றால், டியூபிங்கில் இருக்கும் திரவம் சரிந்து மணலும் படிவுத் துண்டுகளும் பம்பின் மேல் அமர்கின்றன. ஓட்டத்தில் மெலிந்திருந்த பாலிமர்க் கரைசல் அசைவில்லாமல் நிற்கும்போது மறுபடியும் தடிக்கிறது. ஓட்டம் நின்றதும் மோட்டாரின் மிச்சச் சூடு பக்கத்தில் தேங்கிய திரவத்தை வேகவைக்கிறது. பாலிமர் வரும் கிணற்றில் ஒவ்வொரு நிறுத்தமும் பம்பின் ஆயுளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. மின்வழங்கலைச் சீராக்கச் செலவிடும் பணத்தைப் பம்பின் பராமரிப்பாகவே நான் எண்ணுகிறேன்.

பாலிமரின் வகையைத் தேர்ந்தெடுப்பவர் அதன் கிலோ விலையைப் பார்க்கிறார். கால்சியத்தோடு எளிதில் பிணையாத சல்ஃபோனேட் தொகுதிகளைக் கொண்ட பாலிமர்கள் இருக்கின்றன. அவை விலை கூடியவை. செலுத்தும் நீரைக் கடினத்தன்மை நீக்கி அனுப்பலாம். அதற்கும் செலவு உண்டு. பாறையில் நீர் குறுக்கே ஓடும் வழிகளை ஜெல் கொண்டு அடைத்துவிட்டு, அதன் பிறகு பாலிமரைச் செலுத்தினால் அது இத்தனை விரைவாக, இத்தனை அளவில் திரும்பி வராது. இந்தச் செலவுகளெல்லாம் ஒரு துறையின் ஏட்டில் எழுதப்படுகின்றன. எரிந்த மோட்டார்களும், பம்பை வெளியே எடுக்கும் ரிக் இயந்திரம் வர வாரக்கணக்கில் காத்திருக்கும் கிணறுகளும், அந்த நாட்களில் எடுக்கப்படாத எண்ணெயும் இன்னொரு துறையின் ஏட்டில் எழுதப்படுகின்றன. இரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் திறந்து வைத்த கூட்டம் ஒன்று, நான் அங்கே இருந்த ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் நடந்தது. அந்த மோட்டாரின் கழுவாத பாதியின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு நான் அதற்குப் போனேன்.

அந்தக் கிணற்றில் மூன்றாவதாக இறக்கிய பம்புக்குத் தேவைக்கு மேல் பெரிய மோட்டாரைக் கொடுத்தோம்; பாதிச் சுமையில் ஓடும்போது மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் வெளியேறும் வெப்பம் குறையும் என்பது காரணம். அகலமான பாதையுள்ள இம்பெல்லர்களைத் தேர்ந்தெடுத்தோம். மோட்டாருக்கும் கீழே வரை ஒரு மெல்லிய குழாயை இறக்கிப் படிவுத் தடுப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பாலிமர் அளவீடு வாரந்தோறும் எங்களுக்கும் வந்தது. இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும் ஓடிய பிறகு, கேபிளில் ஏற்பட்ட வேறொரு கோளாறுக்காக அதை மேலே எடுத்தார்கள். நான் முன்கூட்டியே போய் நின்றுகொண்டேன். தோல் இருந்தது, வெங்காயச் சருகின் கனத்தில், அடியில் எஃகின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. படம் எடுத்து, சுரண்டி மூன்று குப்பிகளில் மாதிரி எடுத்த பிறகு, கழுவலாம் என்றேன்.